கார்பன் மின்சைக்கிள்: கன்னங்குறிச்சியிலிருந்து ஜங்ஷனுக்குத் தினமும் போய்வரச் சரிப்படுமா?

மூக்கனேரி | வெள்ளி, இரவு 9:40

வணக்கம். சேலத்தில் வீடு கன்னங்குறிச்சி, அலுவலகம் ரயில்வே ஜங்ஷன் பக்கம். ஒரு வழிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். இத்தனை வருடமும் ஸ்கூட்டர்தான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, சைக்கிளாவது மிதியுங்கள் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. சாதாரண சைக்கிளில் இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, முதல் அரைமணி நேரம் மின்விசிறிக்குக் கீழே நின்றதுதான் மிச்சம்.

போன மாதம் நண்பர் ஒருவர் வெளியூர் வேலைக்குப் போகும்போது தன் கார்பன் மின்சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பிடித்திருந்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து நீயே வைத்துக்கொள் என்கிறார். பதினொரு நாள் ஓட்டிவிட்டேன். மனம் ஒரு பக்கம், பணப்பை ஒரு பக்கம் இழுக்கிறது. கண்டதை எழுதுகிறேன், தயவுதாட்சணியம் இல்லாமல் சொல்லுங்கள்.

வண்டி: ஃபிரேமும் ஃபோர்க்கும் கார்பன், அதாவது கரி இழையை அடுக்கடுக்காகப் பிசினில் பதித்தது. பின்சக்கரத்தின் நடுவிலேயே 250 வாட் ஹப் மோட்டார். கீழ்க்குழாய்க்குள் 350 வாட்-மணி பேட்டரி. அதைக் கழற்ற முடியாது. முறுக்கி ஓட்டும் வசதி கிடையாது, மிதித்தால்தான் மோட்டார் உதவும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 35 மில்லிமீட்டர் டயர்.

எடை 14.8 கிலோ என்று விளம்பரத்தாள் சொல்கிறது. தெருமுனைப் பழைய பேப்பர் கடையின் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். மட்கார்டு, பெல், விளக்கு, பூட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 17.3. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இதற்குக் கிலோ என்ன விலை போடுவது?" என்றார். விலையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறக்கிக் கொடுத்தார்.

பாதை: கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, சாரதா கல்லூரி ரோடு, ஐந்து ரோடு, அங்கிருந்து ஜங்ஷன். ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறுவதில்லை, கீழேயே போய்விடுகிறேன். காலையில் 31 நிமிடம். ஸ்கூட்டரில் 24 ஆகும். சட்டை நனைவதில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிழிகிற அளவுக்கு இல்லை.

மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் மோட்டார் நின்றுவிடுகிறது. ஆனால் நின்றதே தெரிவதில்லை. வண்டி லேசு, மோட்டாரும் இழுத்துப் பிடிப்பதில்லை. இருபத்தாறு இருபத்தேழில் என் காலாலேயே போகிறேன். முன்பு ஒரு கடையில் கனமான மின்சைக்கிள் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது, 25-க்கு மேல் யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது.

பிடிக்காதது: கேரியர் போட ஃபிரேமில் துளையே இல்லை. சாப்பாட்டு டப்பாவை முதுகுப்பையில் கொண்டுபோகிறேன். புதன்கிழமை சாம்பார் முதுகுவழி இறங்கியது. சாலையின் ஒவ்வொரு ஒட்டும் மணிக்கட்டில் தெரிகிறது.

இன்னொன்று, நான் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.

---

தறிச்சத்தம் | வெள்ளி, இரவு 10:05

ஒன்றேகால் லட்சத்துக்கு நல்ல மின் ஸ்கூட்டரே வருகிறதே தம்பி. அதில் சாம்பாரும் போகும், வீட்டுக்காரம்மாவும் வருவார். சைக்கிளுக்கு ஒரு லட்சத்து நாற்பதா? அம்மாபேட்டையில் அந்தக் காசுக்குப் பழைய தறி ஒன்றைப் பேசி முடித்து வீட்டில் இறக்கிவிடுவார்கள்.

---

மூக்கனேரி | வெள்ளி, இரவு 10:11

அண்ணா, ஸ்கூட்டர் இருக்கிறது. அதிலிருந்து இறங்கத்தான் இந்தப் பாடு.

---

சாரதா ரோடு | சனி, காலை 6:20

நான் இரண்டு வருடத்துக்கு மேலாக அலுமினிய மின்சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். அழகாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரை. வண்டி 22 கிலோ. பேட்டரி சாவி போட்டுக் கழற்றுகிற வகை, கழற்றினால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. வண்டியைக் கீழே கம்பியோடு பூட்டிவிட்டு, பேட்டரியைக் காய்கறிப் பைபோலக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவேன். சமையலறை மேடையில் மிக்ஸி பக்கத்தில் சார்ஜ் ஆகும்.

எடையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஓட்டும்போது எனக்கு அந்த 22 கிலோ தெரிந்ததே இல்லை. தெரிந்தது இரண்டு முறை. ஒருமுறை சார்ஜ் போட மறந்து, நாலு ரோட்டில் பேட்டரி தீர்ந்து வீடுவரை மிதித்து வந்தேன். அன்று ராத்திரி சப்பாத்திக் கட்டையால் தொடையை உருட்டிக்கொண்டேன். இன்னொருமுறை மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் சாலை நடுத்தடுப்பைத் தாண்டி வண்டியைத் தூக்க வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த பூக்காரம்மா வந்து ஒரு கை கொடுத்தார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சார்ஜ் எங்கே போடுகிறீர்கள்?

---

மூக்கனேரி | சனி, காலை 7:02

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அக்கா. பேட்டரி கழலாது. கீழே மின் இணைப்புப் புள்ளி கிடையாது. ஆக முழு வண்டியையும் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறேன், 54 படி. வாரத்துக்கு மூன்று நாள் சார்ஜ் போட்டால் போதும் என்றாலும், கீழே விட்டுவைக்கப் பயமாக இருப்பதால் தினமும் ஏற்றுகிறேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பின்சக்கரம் சுவரில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை.

17 கிலோ என்பதால் முடிகிறது. 22 என்றால் முடியாது. அதனால்தான் கார்பன் பக்கம் மனம் சாய்கிறது.

---

சாரதா ரோடு | சனி, காலை 7:15

பேட்டரி கழலாததால்தான் முழு வண்டியையும் தூக்குகிறீர்கள். முழு வண்டியையும் தூக்குவதால்தான் லேசான வண்டி வேண்டியிருக்கிறது. பேட்டரி கழலும் என்றால் இந்தப் பேச்சே இல்லையே தம்பி?

---

மூக்கனேரி | சனி, காலை 7:19

...நீங்கள் சொன்ன பிறகுதான் அப்படி யோசிக்கிறேன்.

---

பழைய வாத்தியார் | சனி, காலை 11:30

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். எடை, எடை என்கிறோமே, ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆள் 72 கிலோ, பை 3 கிலோ என்று வையுங்கள். கார்பன் வண்டி 17, அலுமினிய வண்டி 24. வித்தியாசம் 7 கிலோ. சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அந்த 7 கிலோ டயர் உராய்வில் கேட்கிற கூடுதல் சக்தி சுமார் 3 வாட். மொத்தத் தேவையோ 90 வாட் அளவுக்கு வரும், அதிலும் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளவே போகிறது. காற்றுக்கு உங்கள் ஃபிரேம் கார்பனா கட்டைவண்டியா என்று தெரியாது. அதற்குத் தெரிவது உங்கள் நெஞ்சின் அகலம்தான்.

சிக்னலில் நின்று நின்று கிளம்புகிறோமே என்பீர்கள். 7 கிலோவை நின்ற இடத்திலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 108 ஜூல் போதும். இருபது முறை நின்று கிளம்பினாலும் ஒரு வாட்-மணி ஆகாது. உங்கள் பேட்டரியில் 350 இருக்கிறது.

சரி, மேடு? நம் ஊரில் இருப்பதிலேயே பெரிய மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். 92 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க 310 வாட்-மணி. அதில் 7 கிலோவின் பங்கு 24-க்கும் குறைவு. மோட்டாரில் வெப்பமாக வீணாவதைச் சேர்த்தாலும் முப்பது சொச்சம். ஏற்காடு வரை ஏறி மிச்சமாவது இவ்வளவுதான் என்றால், அஸ்தம்பட்டி ஏற்றத்துக்கு என்ன மிச்சமாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக லேசான வண்டி என்பது ஓட்டுகிறவனுக்கு அல்ல, தூக்குகிறவனுக்கு.

---

தறிச்சத்தம் | சனி, பகல் 12:10

வாத்தியார் ஐயா, உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் நானும் தேறியிருப்பேன். ஒரு சந்தேகம். அந்தக் கூடுதல் 7 கிலோவை ஆளே தொப்பையில் குறைத்துவிட்டால் ஒரு லட்சம் மிச்சம்தானே?

---

பழைய வாத்தியார் | சனி, பகல் 12:25

இயற்பியல் ஆட்சேபிக்காது.

---

மூக்கனேரி | சனி, பகல் 1:40

ஐயா, கணக்கை மறுக்கவில்லை. ஆனால் பதினொரு நாளில் எனக்குப் பட்ட ஒன்று அந்தக் கணக்கில் வரவில்லை. பேட்டரியை அணைத்துவிட்டே ஒரு நாள் முழுக்கப் போய்வந்தேன், சாதாரண சைக்கிள்போலவே போகிறது. கடையில் ஓட்டிப் பார்த்த கனமான வண்டியில் மிதிக்க ஆரம்பித்ததும் அரை வினாடி கழித்து யாரோ தள்ளிவிடுகிற மாதிரி ஒரு உந்தல் வரும். இதில் காலை எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவுக்கு உதவி. ஐந்து ரோட்டு நெரிசலில் பஸ் பின்னால் ஊர்ந்துபோகும்போது அது பெரிய நிம்மதி. அது கார்பனால் வருகிறதா?

---

பழைய வாத்தியார் | சனி, பகல் 2:05

இல்லை. அது சென்சாரால் வருகிறது. மலிவு வண்டிகள் பலவற்றில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்ப்பார்கள். சுற்றினால் மோட்டார் கிளம்பும். உங்களுடையது அழுத்தத்தை அளக்கிறது. அந்த சென்சார் அலுமினிய வண்டியிலும் கிடைக்கும். வாங்கப் போகும் கடையில் ஃபிரேம் எதனால் ஆனது என்று கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

---

இருபதாம் வளைவு | சனி, இரவு 8:50

ஏற்காட்டின் பெயர் அடிபட்டதால் வருகிறேன். நான் இங்கே காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு இறங்கி ஏறுவது சைக்கிளில்தான். முதலில் கால் பலத்தில், முழங்கால் ஒத்துழைக்காத பிறகு மின்சைக்கிளில்.

வாத்தியார் ஐயாவின் கணக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். மலையில் சிக்கல் பேட்டரி அளவில் இல்லை, மோட்டார் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஹப் மோட்டார் சக்கரத்தோடு கட்டுண்டது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். அப்போது திறன் குறையும், வெளியே போகவேண்டிய சக்தி சூடாகி உள்ளேயே தங்கும். பெடல் இருக்கும் இடத்தில் பொருத்துகிற நடு மோட்டார் அப்படி அல்ல. அது செயின் வழியாக, கியர் வழியாகத் தள்ளுவதால், நாம் கியரை இறக்கினால் அதற்கும் வேலை இலகுவாகிறது.

எண்ணில் சொன்னால்: லேசான சைக்கிள்களில் போடுகிற மாலே எக்ஸ்35 ஹப் மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது சுற்றித் தள்ளுகிற பலம், 40 நியூட்டன் மீட்டர், பேட்டரியோடு சேர்த்தே மூன்றரைக் கிலோதான். டிக்யூ நிறுவனத்தின் ஹெச்பிஆர்50 நடு மோட்டார் 50 நியூட்டன் மீட்டர், மோட்டார் மட்டும் 1.85 கிலோ. மலை சைக்கிள்களில் வரும் பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் 85 நியூட்டன் மீட்டரும் அதற்கு மேலும், ஆனால் அதைச் சுமக்கும் வண்டிகள் பெரும்பாலும் இருபது கிலோவைத் தாண்டிவிடும். லேசு வேண்டும், இழுவையும் வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது.

நான் ஒருமுறை நண்பரின் ஹப் மோட்டார் வண்டியில் அடிவாரத்திலிருந்து ஏறினேன். முதல் ஏழெட்டுக் கொண்டை ஊசி வரைக்கும் ராஜநடை. பன்னிரண்டாம் வளைவுப் பலகைக்குக் கிட்டே உதவி பாதியாகக் குறைந்தது. பேட்டரி பாதிக்குமேல் இருந்தது, மோட்டார்தான் சூட்டில் தன்னைத் தானே தணித்துக்கொண்டது. சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன், இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல இருந்தது. குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க, இருபது நிமிடம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது வேறு கதை. ஏற நாம் கொடுத்த சக்தியில் பெரும்பங்கு பிரேக்கில் சூடாகத்தான் போகிறது. இறக்கத்தில் பேட்டரி தானாக ஏறும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த வகை ஹப் மோட்டார்களில் உள்ளே மோட்டாரைச் சுற்றாமல் சக்கரத்தை மட்டும் தனியே ஓடவிடும் ஃப்ரீவீல் இருப்பதால் அப்படி நடப்பதில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, பிறகு விட்டு, ஆறவிட்டு இறங்க வேண்டும். நல்லவேளையாக உங்களுடையது டிஸ்க் பிரேக். கார்பன் ரிம்மைக் கட்டை பிடிக்கிற பழைய வகையோடு தயவுசெய்து இந்த மலையில் இறங்காதீர்கள். ரிம் சூடேறினால் அதிலுள்ள பிசின் இளகும்.

நீங்கள் ஜங்ஷனோடு நிற்கிறவர் என்றால் ஹப் மோட்டார் தாராளமாகப் போதும். என்றாவது ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து காப்பி குடிக்கலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

---

மூக்கனேரி | சனி, இரவு 9:15

அந்த ஆசை இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் மலைதான் தெரிகிறது, எப்படி இல்லாமல் போகும்?

---

குகை சைக்கிள் கடை | ஞாயிறு, காலை 7:45

ஞாயிறு அரை நாள்தான் கடை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பா காலத்திலிருந்து சைக்கிள் கடை. இரும்பு ஃபிரேமைப் பற்றவைத்தே வளர்ந்தவன். கார்பன் வண்டிகள் என் கையில் பத்துப் பன்னிரண்டு வந்துபோயிருக்கும்.

பழைய வண்டி வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது இது. வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஈரத்துணியால் அடிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். பெடல் அச்சு இருக்கும் இடத்துக்குக் கீழே, பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள், முன் ஃபோர்க் மேலே சேரும் கழுத்து, சீட் குழாயின் பிடி: இந்த நான்கு இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு ஏதாவது தெரிந்தால் நகத்தால் ஓட்டிப் பாருங்கள். பெயின்டில் மட்டும் கீறல் என்றால் நகம் வழுக்கும். நகம் மாட்டினால் நில்லுங்கள். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் தேங்காய் முற்றவில்லை என்று தட்டிப் பார்த்துச் சொல்வார்களே, அந்த மாதிரி மந்தமான சத்தம் வரும். இது முதல் சோதனைதான், இதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரும்பு வளையும், வளைந்து நமக்கு முன்கூட்டியே சொல்லும். அலுமினியம் பெரும்பாலும் விரிசல் விட்டுக் காட்டும். கார்பன் வழக்கமான பாரத்தை எத்தனை வருடமானாலும் தாங்கும். பாதையில் குலுங்கிக் குலுங்கிச் சோர்ந்துபோகிற குணம் அதற்குக் குறைவு. ஆனால் தப்பான இடத்தில் ஒரு குத்து, ஒரு நசுக்கல் விழுந்தால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே போய்விடும். நம் ஊரில் சைக்கிள்கள் எப்படி நிற்கின்றன? பத்து வண்டி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் ஒருவர் தன் வண்டியை உருவி எடுக்கும்போது ஹேண்டில் பக்கத்து வண்டி ஃபிரேமில் இடிக்கும். கார்பனுக்கு அதுதான் எமன். வெயில் இல்லை. வெயிலில் கார்பன் உருகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நல்ல ஃபிரேமின் பிசின் தாங்கும் சூடு நம் ஏப்ரல் வெயிலைவிட வெகுதூரம் மேலே இருக்கிறது. வெயில் தின்பது பேட்டரியைத்தான்.

இன்னொன்று, போல்ட். சீட் பிடி, ஹேண்டில் பிடி எல்லாவற்றிலும் இத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருக்கும், பொதுவாக ஐந்து ஆறுக்குள். அதற்கு முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர் வேண்டும். நம் பையன்கள் கைப்பழக்கத்தில் 'இன்னும் ஒரு கால் சுற்று' என்று இறுக்குவார்கள். கடையில் என் மேசையில் ஒரு கார்பன் சீட் குழாய் கிடக்கிறது, பிடித்த இடத்தில் மூங்கில்போலக் கிழிந்து. வேறொரு இடத்தில் அந்த 'இன்னும் ஒரு கால் சுற்று' வைத்து எனக்கு வந்தது. பையன்களுக்குக் காட்டவே வைத்திருக்கிறேன்.

பஞ்சர்: உங்கள் பின்சக்கரத்தில் மோட்டார் வயர் இருக்கிறது. முதலில் அதன் இணைப்பைக் கழற்றி, அச்சு நட்டைத் தளர்த்தி எடுக்க வேண்டும். தெருவோரக் கடையில் பெரும்பாலும் தொடமாட்டார்கள். வால்வும் மெல்லிய பிரெஸ்டா வகையாக இருக்கும், பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பிடிக்காது. பட்டாணி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும், வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டுங்கள்.

மணிக்கட்டு வலிக்குக் காரணம் காற்று. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

---

மூக்கனேரி | ஞாயிறு, காலை 8:10

80 பிஎஸ்ஐ. டயரில் அதுதான் அதிகபட்சம் என்று போட்டிருந்தது, அந்த அளவுக்கே அடித்துவிட்டேன்.

---

குகை சைக்கிள் கடை | ஞாயிறு, காலை 8:14

அதிகபட்சம் என்றால் அதற்குமேல் போகாதே என்று அர்த்தம், அதுவரை போ என்று அல்ல. 35 மில்லிமீட்டர் டயருக்கு உங்கள் எடைக்கு 50-க்குப் பக்கத்தில் வையுங்கள். பாதி வலி போய்விடும்.

---

ஓமலூர் பாதை | ஞாயிறு, காலை 10:30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மைத்துனர் ஜெர்மனியிலிருந்து தீபாவளிக்கு வருகிறார். அங்கே இதுபோன்ற கார்பன் மின்சைக்கிள் தள்ளுபடியில் கிடைக்கிறதாம். விமானத்தில் அவரோடே கொண்டுவந்துவிடலாம் அல்லவா? இங்கே ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா?

---

பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 11:20

சைக்கிள் வரும், பேட்டரி வராது. பயணி விமானத்தில் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. மின்சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் 250-க்கு மேல். மைத்துனர் விமான நிலையத்தில் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சுங்க வரி வேறு தனியாக.

லைசென்ஸ் பற்றி: 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு அதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. இங்கே முறையாக விற்கிற வண்டிக்குச் சான்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவருவதற்கு யார் சான்று தருவார்?

மூக்கனேரி அவர்களே, உங்கள் நண்பரின் வண்டி இங்கே வாங்கியதா?

---

மூக்கனேரி | ஞாயிறு, பிற்பகல் 3:30

அதையும் கேட்டுவிட்டேன் ஐயா. யாரோ வெளிநாட்டிலிருந்து கப்பல் சரக்கோடு கொண்டுவந்தது, இவர் இரண்டாம் கை. ரசீது கிடையாது. பேட்டரி போய்விட்டால் எங்கே வாங்குவது என்று கேட்டதற்கு, "அது போகாது" என்கிறார்.

கடைக்கார அண்ணன் சொன்னபடி காலையிலேயே மொட்டை மாடியில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டேன். மகன் டார்ச் பிடித்தான். மூன்று இடம் சுத்தம். பெடல் அச்சுக்குக் கீழே மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவுக்குப் பெயின்ட் போய், உள்ளே கறுப்பாகத் தெரிகிறது. ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கோடு. நகத்தால் ஓட்டினேன். மாட்டியது என்று ஒருமுறை தோன்றியது, அடுத்தமுறை மாட்டவில்லை என்று தோன்றியது. நாணயத்தால் தட்டினால் மகனுக்கு ஒரே சத்தமாகக் கேட்கிறது, எனக்கு வித்தியாசமாகக் கேட்கிறது. மனைவி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் தெரிந்துகொள்ளவா ஞாயிற்றுக்கிழமை முழுக்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

---

குகை சைக்கிள் கடை | ஞாயிறு, மாலை 5:00

சந்தேகம் என்றால் கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம். கல் தெறித்த காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கேதான் மிதிக்கிற பாரம் முழுக்க இறங்குகிறது. உள்ளே என்ன என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு ஸ்கேன் செய்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். எப்படியோ, ரசீதில்லாத வண்டிக்கு, கழலாத பேட்டரிக்கு, மாற்றுப் பேட்டரி கிடைக்குமா என்பதே தெரியாத நிலைக்கு ஒரு லட்சத்து நாற்பது என்பது, மன்னிக்கவும், வெள்ளிக் கொலுசு விலைக்குப் பித்தளை.

புதிதாக, இங்கே வாங்கியதாக, உத்தரவாதத்தோடு இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கார்பன் மேல் எனக்கு விரோதம் இல்லை.

---

தறிச்சத்தம் | ஞாயிறு, மாலை 5:20

கஞ்சமலையில் இரும்புத் தாதும், பக்கத்திலேயே உருக்காலையும் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கரியில் சைக்கிள் தேடுகிறீர்களே. இரும்பு வண்டியை வாங்குங்கள்.

---

இருபதாம் வளைவு | ஞாயிறு, மாலை 5:32

உருக்காலையில் வருவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு அண்ணா, சைக்கிள் குழாய் அல்ல. இருந்தாலும் உங்கள் ஊர்ப்பற்றை மெச்சுகிறேன்.

---

சாரதா ரோடு | திங்கள், இரவு 8:30

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை, எதை வாங்கினாலும் உதவும். என் முதல் பேட்டரியை நானே கெடுத்தேன். மத்தியான வெயிலில் வண்டியை நிறுத்தி, வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறுவதற்குள் சார்ஜில் போட்டு, ராத்திரி முழுக்க விட்டு, நூறு சதவீதத்திலேயே வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் தூரம் பாதிக்கு வந்துவிட்டது. 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது என்று கையேட்டிலேயே இருந்திருக்கிறது, யார் படித்தது? இப்போது வீட்டுக்கு வந்து குளித்துச் சமைத்து முடித்த பிறகுதான் செருகுகிறேன். தினசரிக்கு எண்பது சதவீதம் போதும். மின்கட்டணத்துக்குப் பயப்படவே வேண்டாம், முழுதாக ஏற்றினாலும் அரை யூனிட்டுக்குப் பக்கத்தில்தான்.

கழலாத பேட்டரி என்றால் வெயிலில் நிற்கும்போது அதைக் காப்பாற்ற வழியே இல்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் நிழல் இல்லாததால் பேட்டரியை உள்ளே எடுத்துப்போய்விடுகிறேன்.

---

மூக்கனேரி | புதன், இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. வண்டியை நண்பருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு லட்சத்து இருபதுக்கு இறங்கினார். நான் இறங்கவில்லை.

கொடுக்க மனமில்லாமல்தான் கொடுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை மூக்கனேரிக் கரையோரம் மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு சுற்று போனேன். கால் அழுத்தியதும் வண்டி முன்னால் நழுவுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல. வாத்தியார் ஐயாவின் 3 வாட்டில் அது அடங்காது என்று இன்னமும் நினைக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் பேசினேன். சுவரில் இருந்த கறுப்புக் கோட்டை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். வெள்ளையடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு, மாடிப்படிக்கு அடியில் வண்டி நிறுத்திக்கொள்ள இடம் தந்தார். கீழே மின் இணைப்பு தரமாட்டாராம். கழலும் பேட்டரிக்கு அது வேண்டாம் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

ஆக, அலுமினியம். 19 கிலோவுக்குள், பேட்டரி கழலவேண்டும், அழுத்தம் அளக்கிற சென்சார், ஹைட்ராலிக் பிரேக், கேரியர் போடத் துளை. சான்றும் ரசீதும். ஏற்காட்டுக்கு இருபதாம் வளைவு அண்ணனின் நடு மோட்டார் வண்டியை ஒருநாள் இரவல் கேட்கப் போகிறேன்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் எல்லாம் இருக்கிறது, ஆனால் மட்கார்டு பொம்மைக்குப் போட்டதுபோல அரையடிதான். மழைக்காலத்தில் முதுகில் சேற்றுக்கோடு விழும். முழு நீள மட்கார்டு மாட்ட முடியுமா, கடைக்கார அண்ணா?

---

இருபதாம் வளைவு | புதன், இரவு 9:12

தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் மட்டும் போட்டுத் திருப்பித் தரவேண்டும்.

---

குகை சைக்கிள் கடை | புதன், இரவு 9:30

மாட்டலாம். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், நுழைந்தால் போதும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வண்டிகள் வரிசையில் நிற்கும். சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துவாருங்கள், கேரியர் அளவு பார்க்க வேண்டும்.